பள்ளி ஊடகக் குழு: முதலில் கேமராவா, எடிட்டிங்கா?

கேள்வி | ஜூன் 3

எங்கள் பள்ளியில் 9 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஊடகக் குழு ஒன்று ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள், பொறுப்பு என் தலையில். நான் மொழி ஆசிரியை. கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஓரளவு நல்ல கேமரா ஒன்று வாங்கும் அளவுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். என் சந்தேகம் இதுதான்: பிள்ளைகள் ஏற்கெனவே போனில் எடுத்துத் தள்ளுகிறார்கள், ஆப்பில் வெட்டி ஒட்டிப் பாட்டும் போட்டுவிடுகிறார்கள். இதற்கு மேல் பள்ளியில் சொல்லித்தர என்ன இருக்கிறது? கேமராவை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் போதாதா?

ஜூன் 4, காலை

கேமராவை இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்தப் பணம் எதற்குப் போக வேண்டும் என்பதை அப்புறம் எழுதுகிறேன். முதலில் எந்த வரிசையில் சொல்லித்தருவது என்று பார்ப்போம், பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான்.

வழக்கமான பாடத்திட்டம் எப்படி இருக்கும்? முதல் வாரம் கேமராவின் பாகங்கள், அடுத்து ஷாட் வகைகள், அப்புறம் லைட்டிங், கடைசி இரண்டு வாரம் அவசர அவசரமாக எடிட்டிங். நான் பல வருடம் எடிட்டராக இருந்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வந்தவன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறேன்: எடிட்டிங்தான் முதல் பாடம். கேமராவைத் தொடுவதற்கு முன்பே.

காரணம் இருக்கிறது. எடிட் செய்து பழகாத பிள்ளையிடம் கேமராவைக் கொடுத்தால் அது கண் பார்த்ததையெல்லாம் எடுக்கும். இடமிருந்து வலம் ஒரு பேன், உடனே ஒரு ஜூம், ஒவ்வொரு கிளிப்பும் மூன்று வினாடி, பாதியில் கை நடுங்கி நின்றுவிடும். உட்கார்ந்து ஒட்டப் பார்த்தால் எதுவும் எதனோடும் சேராது. அப்போது "இன்னும் நிறைய எடுத்திருக்கணும் சார்" என்பார்கள், ஆனால் எதை என்று கேட்டால் தெரியாது. அதுவே வேறு யாரோ எடுத்த கிளிப்களைக் கையில் கொடுத்து ஒரு நிமிடப் படம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் புகார் கிளம்பும். ஏன் இந்த ஆள் கையை மட்டும் கிட்டப் போய் எடுக்கவில்லை, கதவைத் திறந்து உள்ளே வருவது எங்கே, இந்த ஷாட்டில் இடப்பக்கம் பார்க்கிறார், அடுத்ததில் ஏன் வலப்பக்கம் பார்க்கிறார்? இந்தப் புகார்கள்தான் பாடம். அடுத்த வாரம் கேமராவோடு போகும்போது அந்தக் கைகளை அவர்களே எடுத்துக்கொண்டு வருவார்கள், நீங்கள் ஒன்றும் சொல்லவே வேண்டாம்.

அந்தக் கிளிப்களை நீங்களே தயார் செய்யலாம். ஒருவர் சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிறார், அவ்வளவுதான் கதை. இருபது கிளிப் எடுங்கள், வேண்டுமென்றே சில குறைகளை வையுங்கள். ஒரு முக்கியமான குளோசப்பை எடுக்காமல் விடுங்கள். ஒரு ஷாட்டை மட்டும் எதிர்ப்பக்கம் போய் எடுங்கள். இரண்டு பேர் எதிரெதிரே இருந்தால் அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு கேமராவை அதற்கு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதை 180 பாகை விதி என்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லிப் புரியவைக்க முயன்றால் கொட்டாவி விடுவார்கள், டைம்லைனில் (எடிட்டிங் திரையில் கிளிப்களை வரிசையாக அடுக்கும் இடம்) அந்த ஆள் திடீரென்று திரும்பிக்கொள்வதைப் பார்த்தால் அவர்களே "என்னமோ தப்பா இருக்கு" என்பார்கள்.

ஜூன் 4, மாலை

காலையில் சொல்ல விட்டுப்போனது. எடிட்டிங் முதல் வகுப்புக்கு லெவ் குலெஷோவ் பரிசோதனையை அப்படியே செய்யலாம். ரஷ்ய இயக்குநர், 1920 வாக்கில் இவான் மொசூகின் என்ற நடிகரின் ஒரே முகபாவம் உள்ள ஒரே ஷாட்டை சூப் கிண்ணம், சவப்பெட்டி என்று வெவ்வேறு ஷாட்களுக்குப் பக்கத்தில் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் பசி தெரிகிறது, துக்கம் தெரிகிறது, என்ன நடிப்பு என்று பாராட்டியதாகச் சொல்வார்கள். மூலப் படச்சுருள் இப்போது இல்லை, என்னென்ன ஷாட் வைத்தார் என்பதிலும் ஆளுக்கொரு கதை உண்டு. அதனால் என்ன, வகுப்பில் ஒரு பையனைச் சும்மா கேமராவைப் பார்க்கச் சொல்லி எடுத்து, பக்கத்தில் ஒரு தட்டு பிரியாணி, ஒரு மதிப்பெண் பட்டியல், ஒரு நாய்க்குட்டி என்று ஒட்டிக் காட்டுங்கள். வகுப்பே சிரிக்கும். அந்தப் பையன் மட்டும் "நான் ஒண்ணுமே பண்ணலையே" என்பான். மதிப்பெண் பட்டியலுக்கு எப்போதும் அதிகச் சிரிப்பு.

ஜூன் 5

கேமராவே வேண்டாமா, அப்போது எதைக் கொண்டு எடுப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். போன்தான். இன்றைய போனின் படம் பள்ளித் தேவைக்குத் தாராளம். போன் கோட்டை விடுவது சத்தத்தில், அதனால் பணம் அங்கே போகட்டும்: முதலில் காலர் மைக், அடுத்து காதை நன்றாக மூடும் ஹெட்போன், அப்புறம் போனைப் பிடிக்கும் கிளிப்போடு ஒரு டிரைபாட், கடைசியாக ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று இல்லை, இரண்டு. ஏன் என்று பிறகு.

மைக் விஷயத்தில் விலையை விட தூரம்தான் முக்கியம், இதைப் பிள்ளைகளுக்குக் கணக்காகவே காட்டலாம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். இரண்டு மீட்டர் தள்ளி டிரைபாடில் நிற்கும் போனுக்கும், வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் சட்டையில் குத்திய மைக்குக்கும் தூரம் பத்து மடங்கு, அதாவது 20 டெசிபெல் வித்தியாசம். அறைக்குள் நிலைமை இன்னும் மோசம். நீங்கள் தள்ளிப் போகப் போகப் பேச்சு குறைகிறது, சுவரில் பட்டு வரும் எதிரொலியும் ஃபேன் சத்தமும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. எடிட்டிங்கில் சத்தத்தை ஏற்றினால் ஃபேனும் சேர்ந்து ஏறும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது என்பார்களே, அது இதனால்தான்.

காலர் மைக் வாங்கப் பணமில்லை என்றால் இன்னொரு போனை ஒலிப்பதிவு மட்டும் செய்யவிட்டு, பேசுபவரின் சட்டைப் பையில் மைக் பக்கம் மேலே வருமாறு வைத்துவிடுங்கள். ஆரம்பத்தில் ஒரு கைதட்டல். டைம்லைனில் கை சேரும் ஃபிரேமையும் (வீடியோவின் ஒற்றைப் படம்) அந்தத் தட்டலின் கூர்மையான அலையையும் நேராக வைத்தால் இரண்டும் சேர்ந்துவிடும். சினிமாவில் கிளாப் பலகை செய்வதும் இந்த வேலைதான்.

அப்புறம், எங்கே எடுத்தாலும் கிளம்புவதற்கு முன் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். பேச்சை வெட்டிய இடங்களில் அடியில் போட அது வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் காதில் ஒரு ஓட்டை விழும். பதினைந்து பிள்ளைகளை ஒரு நிமிடம் சும்மா நிற்கவைப்பது எடிட்டிங் சொல்லித்தருவதை விடக் கஷ்டம், அது வேறு விஷயம்.

ஜூன் 9

நிறைய பேர் டெக்னிக்கல் கேள்வி போட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையில் இல்லாமல், எனக்குப் பிடித்த வரிசையில்.

வகுப்பறையில் எடுத்த வீடியோவில் பட்டை பட்டையாக ஓடுகிறது: விளக்கு மின்னுகிறது, உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருக்கும் நாடுகளில் சில விளக்குகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறையும். போனில் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 வினாடி என்று பூட்டுங்கள். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60 அல்லது 1/120. இதற்கு இயற்பியல் ஆசிரியரைக் கூப்பிடுங்கள், சந்தோஷமாக வருவார்.

முகம் பாதியில் நீலமாகிறது, மஞ்சளாகிறது: வெள்ளைச் சமநிலை, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு, தானாக மாறிக்கொண்டிருக்கிறது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்: பகல் வெளிச்சம் சுமார் 5600 கெல்வின், பழைய குண்டு பல்பு 2700 பக்கம். ஜன்னல் வெளிச்சத்தையும் மஞ்சள் பல்பையும் ஒரே முகத்தில் விழவிட்டால் எதைச் சரிசெய்வது என்று போனுக்குக் குழப்பம். இரண்டில் ஒன்றை அணையுங்கள், ஜன்னலை அணைக்க முடியாது என்பதால் பல்பை. பேசுபவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைக்காமல், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வையுங்கள். பெரும்பாலான போன்களில் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும்.

தொடக்கத்தில் உதடும் பேச்சும் சரியாக இருக்கின்றன, பத்தாவது நிமிடத்தில் விலகிவிட்டன: போன் ஒரே சீரான ஃபிரேம் வேகத்தில் எடுப்பதில்லை, குறிப்பாக வெளிச்சம் குறைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் மென்பொருளுக்கு அது ஒத்துவராமல் போகலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, மாறாத ஃபிரேம் வேகம் என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டு பிறகு எடிட் செய்யுங்கள். வெளியே தனியாகப் பதிவு செய்யும் ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், வீடியோவுக்கு அதுதான் வழக்கம். 44.1 என்பது இசை சிடியின் கணக்கு.

எடிட்டிங் மென்பொருள் எது என்ற சண்டையில் நான் இறங்கப் போவதில்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே பள்ளிக்கு மிக அதிகம், ஆனால் பழைய கணினியில் மூச்சுத் திணறும். அங்கே கேடென்லைவ் அல்லது ஷாட்கட். ஒலிக்கு ஆடாசிட்டி. கற்றுக்கொள்வது வெட்டுவதை, பட்டன்களை இல்லை, அதனால் எதில் ஆரம்பித்தாலும் சரி.

ஜூன் 9, சற்று முன்

"சினிமாட்டிக் லுக் வர என்ன செய்வது?" என்று கேட்ட தம்பிக்கு: ஸ்லோ மோஷனைக் குறை. மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை போடுவதையும் குறை. பின்னணியில் துடைப்பம் தெரிகிறதா என்று பார்.

ஜூன் 12

யார் எந்த வேலை செய்வது என்பதைப் பற்றி யாருமே கேட்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது.

குழுவைச் சும்மா விட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். வீட்டில் கணினி இருக்கும் பையன் மவுஸைப் பிடித்துக்கொள்வான், கடைசி வரை விடமாட்டான். உயரமான பையன் கேமரா. நன்றாகப் பேசுகிற பெண் தொகுப்பாளர், அவளைத் தவிர மற்றப் பெண்கள் "உதவி". மீதிப் பேர் பின்னால் நின்று போனைப் பார்ப்பார்கள். படம் நன்றாக வந்துவிடும், அதுதான் ஆபத்து, ஏனென்றால் எல்லாரும் கைதட்டிவிடுவார்கள், மூன்று பேர் மட்டும் ஏற்கெனவே தெரிந்ததை இன்னொரு முறை செய்திருப்பார்கள்.

சுழற்சி வேண்டும். இயக்கம், கேமரா, ஒலி, எடிட்டிங், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும் ஆள், இந்த ஐந்தும் ஒவ்வொரு சிறு படத்துக்கும் மாற வேண்டும். படம் சுமாராகத்தான் வரும். வரட்டும்.

ஒலி வேலையை நான் எப்போதும் குழுவிலேயே அதிகம் பேசாத பிள்ளைக்குத்தான் முதலில் கொடுப்பேன். ஹெட்போன் போட்டவருக்கு ஒரு தனி அதிகாரம் உண்டு: அவர் கையைத் தூக்கினால் ஷூட்டிங் நிற்க வேண்டும், இயக்குநர்கூட மறுக்க முடியாது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், தலைமை ஆசிரியரின் பேட்டி நடந்துகொண்டிருக்கும்போது கையைத் தூக்கி "மறுபடியும் சொல்லுங்க சார், வெளியே வண்டி ஹாரன் விழுந்துடுச்சு" என்றாள். அவரும் மறுபடியும் சொன்னார். இரண்டாவது தடவை மைக்கில் சட்டை உரசுகிறது என்று நிறுத்தினாள். மூன்றாவது தடவை அவர் ரொம்ப நன்றாகவே பேசினார், முதல் தடவையில் இருந்த மேடைப் பேச்சுத் தொனி போய்விட்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து ஹெட்போனை வாங்குவதுதான் சிரமமாகிவிட்டது.

சுழற்சியை எவ்வளவு நாள் கட்டாயப்படுத்துவது என்பதில் எனக்கே இரண்டு மனம். கடைசிப் பருவத்தில் விருப்பப்பட்டதைப் பிடித்துக்கொள்ளவிட்டால் ஒருவர் ஒரு வேலையில் ஆழமாகப் போக முடிகிறது, அதுவும் தேவைதான். ஆனால் அப்போது மறுபடி அதே பையன் மவுஸ் பக்கம் நகர்வதையும் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 16

ஒரு நண்பர் கோபமாக எழுதியிருக்கிறார்: கேமராவைத் தொடும் ஆசையில் வரும் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து யாரோ எடுத்த சைக்கிள் சக்கரத்தை வெட்டச் சொன்னால் அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று. நியாயம். ஜூன் 4 அன்று எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்.

முதல் நாள் "எடிட்டிங் இல்லாத படம்" பயிற்சி. மூன்று பேருக்கு ஒரு போன். எட்டே ஷாட். கதை எந்த வரிசையோ அதே வரிசையில் எடுக்க வேண்டும், அழிக்கக் கூடாது, இரண்டாவது டேக் கிடையாது, பிறகு வெட்டவும் கூடாது. எட்டும் வரிசையாக ஓடும், அதுதான் படம். கேமரா கையில் இருக்கிறது, ஆசை தீர்கிறது, ஆனால் பட்டனை அழுத்துவதற்கு முன் "இதற்கு அடுத்து என்ன வரும்" என்று நின்று பேசியாக வேண்டும். வெட்டுவது தலைக்குள்ளேயே நடந்துவிடுகிறது. நான் சொல்ல வந்ததும் அதுதான், கணினி முன்னால் உட்கார்வதுதான் எடிட்டிங் என்று அர்த்தமில்லை.

இதற்கு ஒரு கைப்பிடி வேண்டுமென்றால் மைக்கேல் ரோசன்ப்ளம் என்ற வீடியோ பத்திரிகைப் பயிற்சியாளர் பரப்பிய ஐந்து ஷாட் முறையைச் சொல்லிக்கொடுங்கள். ஒருவர் ஏதோ வேலை செய்கிறார் என்றால்: கைகளின் குளோசப், முகத்தின் குளோசப், முழு இடமும் தெரியும் வைட், அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் பார்ப்பது, கடைசியாக நீங்களே யோசித்த ஏதாவது ஒரு கோணம். ஒவ்வொன்றும் அசையாமல் பத்து வினாடி. பேன் கிடையாது, ஜூம் கிடையாது. முதல் ஷாட்டில் கையைப் பார்த்ததும் யார் கை என்று தோன்றும், முகம் வருகிறது, எங்கே என்று தோன்றும், வைட் வருகிறது. ஷாட்டுக்கு ஷாட் ஒரு கேள்வியும் பதிலும் போய்க்கொண்டே இருக்கும். அந்த ஐந்தாவது கோணத்துக்காகப் பிள்ளைகள் மேஜைக்கு அடியில் படுப்பார்கள், படுக்கட்டும்.

ஜூன் 17

மொழி ஆசிரியை, கேமரா தெரியாது என்று மன்னிப்புக் கேட்பது போல எழுதியிருந்தீர்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான் இங்கே பெரும்பாலும் இல்லாதது. பேட்டிக்குக் கேள்வி எழுதுவது, பேசியதை எழுத்தாக்குவது, அதை வெட்டி அடுக்குவது, குரலுக்கு ஏற்ற வாக்கியம் எழுதுவது, இதெல்லாம் மொழி வேலை.

பேட்டியில் பிள்ளைகள் "உங்களுக்கு இந்த வேலை பிடிக்குமா?" என்று கேட்பார்கள், அவர் "பிடிக்கும்" என்பார், முடிந்தது. "முதல் நாள் வேலைக்கு வந்தபோது என்ன நடந்தது?" என்று கேட்டால் கதை வரும். கேள்வியை எடிட்டில் வெட்டிவிடுவோம் என்பதால் பதில் தனியாக நிற்க வேண்டும், "கேள்வியையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் இரண்டு மூன்று வினாடி பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளி தாங்காமல் எதிரில் இருப்பவர் சேர்த்துச் சொல்வார் பாருங்கள், பல சமயம் அதுதான் படத்தில் வரும்.

பிறகு முழுப் பேட்டியையும் தாளில் எழுதி, கத்தரிக்கோலால் வெட்டித் தரையில் அடுக்கவையுங்கள். இதைப் பேப்பர் எடிட் என்போம். கணினி ஒன்றுதான் இருக்கிறது என்ற பிரச்சினையும் அன்றைக்குப் போய்விடும்.

இதில் நான் விடாமல் செய்யும் ஒன்று: ஒரே பேட்டியை இரண்டு குழுவிடம் கொடுத்து, ஒரு குழு அவரைப் பள்ளியை ஆதரிப்பவராகவும் இன்னொரு குழு எதிர்ப்பவராகவும் வெட்ட வேண்டும். ஒரு "ஆனால்" எங்கே விழுகிறது, எது கட்அவே ஷாட்டுக்கு (பேசுபவரை விட்டு வேறொன்றைக் காட்டும் ஷாட்) கீழே மறைகிறது என்பதில் முழு விஷயமும் இருக்கிறது. இரண்டையும் பேட்டி கொடுத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்ட வேண்டும் (அவரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கிவிட்டுத்தான்). அவர் முகத்தைப் பார்த்த பிள்ளைகள் அடுத்த முறை செய்தியில் ஒரு பேட்டி பாதியில் வெட்டுப்படும்போது கவனிக்கிறார்கள். ஊடகத்தைப் புரிந்துகொள்ளும் கல்வி வேண்டும் என்று யுனெஸ்கோ சார்பில் ஜெர்மனியின் குருன்வால்டில் அறிக்கை வந்தது 1982இல். அதற்கும் ரொம்ப முன்னாலேயே, 1924இல், செலஸ்டின் ஃப்ரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியர் வகுப்பறைக்குள் அச்சு இயந்திரம் கொண்டுவந்து, பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சடிக்கவைத்தார். தன் வரியைத் தானே ஒவ்வொரு எழுத்தாகக் கோக்கும் பையன் தேவையில்லாத சொல்லை எப்படி வைப்பான்! "ஊடகப் பயிற்சி எல்லாம் புது ஃபேஷன்" என்று சொல்லும் நிர்வாகிகளுக்கு இந்த வருடத்தைச் சொல்லுங்கள்.

ஜூன் 18

பாட்டு. "கிரெடிட் போட்டால் போதும்" என்று இரண்டு பேர் அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். போதாது. யாருடைய பாட்டாக இருந்தாலும் பெயரைப் போடுவது அனுமதி வாங்கியதாக ஆகாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் இசையைத் தேடலாம், அந்த உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன, ஆனால் அதிலும் வகை உண்டு. சிலது பெயர் போட்டால் போதும். சிலது வணிகத்துக்குக் கூடாது. மாற்றம் செய்யக் கூடாது என்று ஒரு வகை இருக்கிறதே, அதை வீடியோவில் போடவே முடியாது, ஏனென்றால் அசையும் படத்தோடு இசையைச் சேர்ப்பதையே அந்த உரிமம் மாற்றமாகக் கணக்கிடுகிறது. இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. எனக்குப் பிடித்த வழி: வகுப்பிலேயே பாடத் தெரிந்த, தாளம் போடத் தெரிந்த பிள்ளை இருக்கும், அவர்களிடம் கேளுங்கள்.

ஆட்களின் அனுமதியும் அப்படித்தான். பிள்ளைகள் திரையில் வந்தால் பெற்றோரின் எழுத்து அனுமதி, எங்கே வெளியிடப் போகிறோம் என்பதையும் அதில் எழுதி. பள்ளிக்குள் காட்டச் சம்மதித்தவர் இணையத்தில் போடச் சம்மதித்ததாக ஆகாது. போன் வீடியோக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் விவரமும் பதிந்திருக்கலாம், அதை அணைத்துவிட்டு எடுங்கள்.

ஜூன் 21

ஹார்ட் டிஸ்க் ஏன் இரண்டு என்று கேட்டவருக்கு. வினாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் நிமிடத்துக்கு 375 எம்பி, மணிக்கு 22 ஜிபிக்கு மேல். நாலு குழு, ஒரு பருவம், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் நகல் ஏறி, இரண்டிலும் திறந்து ஓட்டிப் பார்க்கும் வரை போனிலோ கார்டிலோ எதையும் அழிக்கக் கூடாது. "காப்பி ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு ஒரு பையன் கார்டை அழித்தான், காப்பியானது குறுக்குவழி ஐகான் மட்டும். அவன் வீட்டுக்குப் போகும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை, பாவம், நானும் பேசவில்லை.

கோப்புப் பெயர்: தேதி, குழு, ஷாட். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "இதுதான் ஃபைனல்" என்ற பெயர்களை என் வகுப்பில் தடை செய்திருக்கிறேன். யாரும் கேட்பதில்லை.

ஜூன் 24

மதிப்பெண் எப்படிப் போடுவது என்ற கேள்விக்குச் சுருக்கமாக: படத்துக்குப் போடாதீர்கள், போட்டால் மவுஸ் பையன் கதைதான் மறுபடியும். ஒவ்வொருவரும் என்ன முடிவு எடுத்தார்கள், ஏன் என்று ஒரு நோட்டில் எழுதட்டும், அதற்குப் போடுங்கள். முதல் வெட்டுக்கும் கடைசி வெட்டுக்கும் என்ன மாறியது என்று பாருங்கள். முதல் வெட்டை வகுப்பில் போடும்போது எடுத்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பார்த்தவர்களும் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொல்லக் கூடாது, என்ன புரிந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். "அந்த அக்கா ஏன் அழுதாங்க?" என்று ஒரு குரல் வரும், எடுத்தவன் துடித்துப்போவான், அழவே இல்லை, அது சிரிப்பு. இந்த மாதிரி ஒரு கேள்வி நீங்கள் எழுதும் பத்துக் குறிப்புக்குச் சமம்.

நீளம் இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. எல்லாரும் சண்டைக்கு வருவார்கள். விடாதீர்கள்.

ஜூலை 2

கேள்வி கேட்ட ஆசிரியை மறுபடி எழுதியிருக்கிறார். காலர் மைக் வாங்கியாயிற்று, எட்டு ஷாட் பயிற்சி முடிந்தது, முதல் இரண்டு நிமிடப் படமும் வந்துவிட்டது, ஆனால் கணினியில் ஹெட்போனில் நன்றாகக் கேட்டது ஹாலில் போட்டபோது பேச்சு பாட்டுக்குள் மூழ்கிவிட்டதாம்.

எடிட் செய்தவருக்கு வசனம் மனப்பாடம், அதனால் மூழ்கினாலும் அவர் காதுக்குக் கேட்கும். படத்தைப் பார்த்தே இராத ஒருவரைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லி, என்ன பேசினார்கள் என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் பாட்டைக் குறையுங்கள், நீங்கள் நினைப்பதை விட ரொம்பக் குறைக்க வேண்டியிருக்கும். எடிட்டிங் மென்பொருளின் ஒலி மீட்டரில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெலுக்கும் மைனஸ் 6க்கும் நடுவே போய்வரட்டும், எந்த இடத்திலும் பூஜ்யத்தைத் தொட வேண்டாம், தொட்டால் கரகரக்கும். ஐரோப்பியத் தொலைக்காட்சிகளில் 2010 முதல் மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) என்று சராசரி உரப்புக்கே ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், விளம்பரம் வரும்போது காதைப் பிளக்கக் கூடாது என்பதும் அதன் ஒரு நோக்கம். பள்ளிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஆனால் எல்லாக் குழுப் படங்களும் ஒரே அளவில் இருந்தால் ஹாலில் வால்யூம் பட்டனோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஹாலின் எதிரொலிக்கு எடிட்டில் மருந்து கிடையாது. காலி ஹால் ஒரு மாதிரி ஒலிக்கும், பிள்ளைகள் நிறைந்த பிறகு வேறு மாதிரி, ஆட்களும் துணியும் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். முந்தைய நாளே போய் அந்த ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள், ஒலிக் குழுவில் ஒரு பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து. கேட்கவில்லை என்றால் அங்கிருந்தே கையைத் தூக்கட்டும்.

பாட்டை எடுத்தவரே அதைக் குறைக்கச் சம்மதிக்கவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த படத்தில் அவருக்கு ஒலி வேலையைக் கொடுங்கள்.